முந்நூறு வெள்ளி என்று சொல்லிவிட்டாய்

தம்பி,

இன்று சனிக்கிழமை. காலையில் உன் வருங்கால மாமனார் கோலா குபுவிலிருந்து வந்திருந்தார். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் ஓம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இதை வேறு யார் வாயிலாகவும் நீ கேட்பதற்கு முன் அம்மாவான நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மத்தியானத்திலிருந்து இரண்டு தரம் உட்கார்ந்து, இரண்டு தரமும் எழுந்துவிட்டேன். ஒரு தரம், அடுப்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அடுப்பைப் பார்க்கப் போனேன். இன்னொரு தரம் படகுத்துறை வரை நடந்து, அங்கே எதற்காக நிற்கிறேன் என்று விளங்காமல் திரும்பினேன். நீ சபாக் பக்கத்தில் எந்தத் தோட்டத்து எஞ்சினுக்கு அடியில் படுத்திருக்கிறாயோ தெரியாது. திங்கட்கிழமை அந்தப் பக்கம் போகும் பஸ்காரரிடம் இதைக் கொடுத்தால் உன்னைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவார். உன் மோட்டார் சைக்கிளின் சத்தம் அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும் என்கிறார்.

உன் மாமனார் மகளையும் கூட்டி வந்திருந்தார். அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் இங்கே அத்தை வீட்டில் ஒரு வாரம் தங்குகிறாள். அவள் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கீழே வைத்தபின்தான் பேசினார். முப்பது வருடமாக அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து பெரிய கிளார்க்கானவர்; கையில் ஒன்றை வைத்துக்கொண்டு முக்கியமான விஷயம் பேசமாட்டார்.

“தங்கச்சி, சுத்தி வளைக்காமல் கேக்கிறன். பிள்ளை மாசம் முந்நூறு வெள்ளி எண்டு என்னட்டைச் சொன்னவர். நீங்கள் ஒருக்கா ஓம் எண்டால் நாளைக்கே நாள் பாக்கச் சொல்லிவிடுவன்.”

“எனக்குத் தெரியாது, அண்ணை.”

அவர் சிரித்தார். “தாய்க்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்?”

“அவனுக்கும் தெரியாது.”

சிரிப்பு நின்றது. “அப்ப முந்நூறு எண்டது?”

“அது அவன் ஒரு மாசம் எழுதிக் குடுத்த பில்லுகளின்ரை கூட்டுத்தொகை. சம்பளம் இல்லை.”

“ரெண்டும் ஒண்டுதானே, டொக்டர் அம்மா?”

தங்கச்சி டொக்டர் அம்மா ஆனதைக் கவனித்தாயா? நான் கவனித்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று விளங்கப்படுத்தினேன். எஞ்சினுக்கு வாங்கிய சாமானின் விலையும் அந்தக் கூட்டுத்தொகைக்குள்தான் இருக்கிறது, படகுக்காரன் கூலியும் இருக்கிறது, வேலையே இல்லாத மாதம் ஒன்று வந்தால் அதற்கு அரிசி வாங்குவதும் அதற்குள் இருந்துதான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எங்கட கந்தோர்ப் பியூனைக் கேட்டாலும் தன்ரை சம்பளத்தைக் கடைசிச் சதம் வரைக்கும் சொல்லுவான்” என்றார். குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: “வாற வியாழக்கிழமை மகளைக் கூட்டிப் போகப் பத்து மணிக்கு வருவன். பிள்ளையும் வந்து நிக்கட்டும். உண்மையான தொகையை அவரே சொல்லட்டும். இல்லாட்டிக் குறை நினைக்காதையுங்கோ, தபால் கந்தோர் மாப்பிள்ளை ஒருத்தரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்ததே மாதச் சம்பளத்துக்குத்தான். பெண் பார்க்கப் போனால் முதற்கேள்வி எந்தக் கந்தோர், இரண்டாவது எவ்வளவு, மூன்றாவது பென்சன் உண்டா. இந்த மூன்றுக்கும் பதில் உள்ளவன் முகம் எப்படி இருந்தாலும் மாப்பிள்ளை. நீ ரயில் பட்டறையில் தொண்ணூறு வெள்ளிச் சம்பளத்தை விட்டுவிட்டு, சொந்த மெக்கானிக் இல்லாத சின்னத் தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் எஞ்சின் பழுது பார்க்கக் கிளம்பிவிட்டாய். அவர் “எவ்வளவு” என்று கேட்டபோது அந்தக் கேள்விக்குப் பொருந்தும் விடை ஒன்று உனக்குத் தேவைப்பட்டது. கையிலிருந்தவற்றில் பெரிய எண்ணை எடுத்துக் கொடுத்தாய். பட்டறையில் வேலை செய்தவன் பில்லைப் பார்த்துச் சம்பளம் என்று நினைப்பது இயல்பு. அங்கே உனக்கு இரும்பும் எண்ணெயும் யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். மழை பெய்தாலும் மாதம் முடிந்தது.

அவர் போனபின் உன் அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கேட்காமல் திறந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சிகரெட் அட்டைகளின் பின்பக்கம், நாட்காட்டித் தாள், ஒரு கோயில் நோட்டீசின் ஓரம், இவற்றிலெல்லாம் உன் எழுத்து. மழையில் ஊறி ஒட்டிக்கொண்ட பெட்ரோல் சீட்டுகள். நீ சிகரெட் பிடிப்பதைப் பற்றி வேறொரு நாள் எழுதுவேன். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி மாத வாரியாக அடுக்கிப் பார்த்தேன். பாதிக்குத் தேதி இல்லை. சிலவற்றில் “தவுக்கே 45” என்று மட்டும் இருக்கிறது.

அந்த நாற்பத்தைந்தை மட்டும் என்னால் முழுதாகப் பிரிக்க முடிந்தது, ஏனென்றால் அப்போது நீ வீட்டுக்கு வந்து வாய் ஓயாமல் அதைப் பற்றியே கதைத்தாய். பாகான் நக்கோடா ஓமாரில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளியின் தேங்காய் எண்ணெய் ஆலை. எஞ்சின் வளையமும் மற்றச் சாமானும் பதினேழு வெள்ளி. பெட்ரோலும் படகும் ஆறு. தூக்கிப் பிடிக்க வைத்துக்கொண்ட ஆளுக்கு நாலு. மிச்சம் பதினெட்டு. போக ஒரு நாள், கோலாலம்பூரிலிருந்து சாமான் வரும்வரை இரண்டு நாள், வேலை ஒரு நாள், திரும்ப ஒரு நாள். ஐந்து நாளுக்குப் பதினெட்டு வெள்ளி. பட்டறையில் உனக்கு நாளுக்கு ஏறக்குறைய இதே தொகைதான் கிடைத்தது, நனையாமல். மோட்டார் சைக்கிள் டயர் தேய்ந்ததை நான் இன்னும் கழிக்கவில்லை. தவுக்கே கொடுத்தனுப்பிய கருவாட்டைக் கூட்டவுமில்லை.

மற்றச் சீட்டுகளையும் ஊகித்தும் கழித்தும் பார்த்ததில், கடந்த ஆறு மாதத்தில் உன் உண்மையான மாத வரும்படி குறைந்தது எழுபது, கூடினால் நூற்றிருபது. இதற்குமேல் என்னால் நெருக்க முடியவில்லை. எழுபதுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில்தான் அந்தப் பெண் குடும்பம் நடத்த வேண்டும். இந்த எண்களை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. அது உன் வாயால் வர வேண்டியது. ஆனால் வியாழக்கிழமைக்குள் நீ அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு வரவேண்டும்.

எனக்கு இதெல்லாம் சென்னையில் யாரும் கற்பிக்கவில்லை. வைத்தியம் படித்தோம், பட்டம் வாங்கினோம். நாடி பார்க்கத் தெரியும், நாடி பார்த்த நேரத்துக்கு என்ன கேட்பது என்று தெரியாது. நான் இங்கே சொந்தமாக வைத்தியம் செய்யத் தொடங்கிய வருடம், வந்த காசெல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் தகரத்தில் போட்டேன். தகரம் நிறைந்தது. நானும் நிறைந்துபோய் ஒரு தையல் மெஷின் வாங்கினேன். அடுத்த வாரம் கோலாலம்பூர் மருந்துக்கடைக்காரனின் பில் வந்தது. தகரத்தில் இருந்ததில் முக்கால்வாசி அவனுடைய காசு, என் வீட்டில் சும்மா தங்கியிருந்தது, அவ்வளவுதான். உன் அப்பா அந்த மெஷினைத் தட்டிக்கொடுத்து, “நல்ல மெஷின். ஆர் வாங்கித் தந்தது, மருந்துக்கடைக்காரரோ?” என்று கேட்டார். ஒரு வருடம் வரை வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் அதையே கேட்டார். அன்றிலிருந்து என் பையில் இரண்டு சுருக்குப் பைகள். ஒன்று வீட்டுக்காசு, மற்றது வழிக்காசு. வழிக்காசுப் பையில் பத்து வெள்ளியோடு புறப்படுவேன். படகு, வண்டி, பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் அதிலிருந்துதான். திரும்பி வந்து மிச்சத்தை எண்ணினால் அன்றைய செலவு தானே தெரிந்துவிடும். சீட்டு எழுத மறந்த செலவும் அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு பையைத் திரும்பவும் பத்தாக்கி வைப்பேன். இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. உன் சட்டைப்பை ஒன்றுதான். அதற்குள் மாமனாரிடம் சொன்ன முந்நூறும் பெட்ரோல் கடனும் பழகிக்கொண்டு கிடக்கின்றன.

நேரத்துக்கு வேண்டிய வழியை உன் அப்பாவின் வேலையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது விடியற்காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் போடுவார் அல்லவா? நாள் முழுக்க வேலை செய்தவனுக்கு முழுப்பேர். பாதியில் போனவனுக்கு அரைப்பேர். வராதவனுக்குக் கோடு. அந்த முறையில் அநியாயம் நிறைய உண்டு. காய்ச்சலோடு வந்து நின்ற பெண்களுக்கு அரைப்பேர் போட்டதைப் பற்றி அவரோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். பேர் அன்றன்றைக்குப் போடப்பட்டது. வாரக் கடைசியில் நினைவுபடுத்திக்கொண்டு யாரும் போடவில்லை. சொந்தத் தொழில் செய்கிறவனைப் பெரட்டுக்குக் கூப்பிட யாருமில்லை. ஆகவே தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் மாதத்தின் நாட்களைக் கோடு போட்டு வைத்துக்கொள். கூலி கேட்கக்கூடிய வேலை நாள் முழுதும் இருந்தால் முழுப்பேர், பாதி என்றால் அரைப்பேர், கேட்க முடியாத நாள் என்றால் கோடு. கோடு போட்ட நாளில் என்ன செய்தாய் என்று ஒரு சொல்லும் எழுது: சாமான் தேடினேன், மழை, காய்ச்சல், காசு கேட்டு நடந்தேன். முதல் மாத முடிவில் கோடுகளை நீ நம்பாமல் இரண்டு தரம் எண்ணுவாய். நானும் எண்ணினேன்.

சனிக்கிழமை இவ்வளவும் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் சரியில்லை. ஞாயிறு விடியும்போதே வாசலில் லோரி வந்து நின்றது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால் ஒரு செட்டியார் தோட்டம், ஆஸ்பத்திரி இல்லாத சின்னத் தோட்டம். அந்தத் தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், “அம்மா, எங்க மருமவளுக்கு வலி எடுத்து ராவெல்லாம் ஆவுது, புள்ள எறங்கல, வாங்கம்மா” என்று கும்பிட்டார். கடிதத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனேன். அங்கே நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய புத்தி, நான் இங்கே மேசையில் எழுதியதைவிட அங்கே தெளிவாக இருந்தது.

புறப்பட்டபோது தாளின் தலையில் தோட்டத்தின் பெயரை எழுதி, நேரத்தைக் குறித்தேன். போய்ச் சேர்ந்ததும் நேரம். பரிசோதித்தேன், குழந்தையின் தலை தவறான பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் அவசரப்பட்டுக் கை வைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. காத்திருக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், அவர்கள் அறையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தேன். கால் மணிக்கு ஒரு தரம் குழந்தையின் இதயத்தைக் கேட்டேன். பிற்பகலில்தான் நேரம் வந்தது. கை வைத்தபின் அரை மணிக்குள் முடிந்தது. பெண் குழந்தை, நன்றாகக் கத்தியது. தாயும் நலம். செலவு தோட்டத்தினுடையது என்பதால் கைகழுவிவிட்டு ஆபீஸ் கிராணியிடம் தாளைக் கொடுத்தேன். அவர் இளைஞர், தஞ்சாவூர்ப் பக்கம். தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னங்கம்மா இது, ஒம்பது மணி நேரம்னு போட்டிருக்கீங்க? நீங்க கைவச்சது அரமணி நேரந்தானே? மொதலாளி என்னைய உரிச்சுத் தொங்க விட்ருவாரு.”

நான் வாய் திறப்பதற்கு முன், வெந்நீர்ப் பானையோடு போய்க்கொண்டிருந்த மண்டோரின் மனைவி நின்றார். “அப்ப அடுத்த புள்ளைய நீங்களே அரமணில பெத்துக் குடுத்துருங்க, கிராணியாரே. பத்தியச் சோறு நான் ஆக்கிப் போடுறேன்.”

லயம் முழுக்கச் சிரித்தது. கிராணியும் காது சிவக்கச் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “சரிங்கம்மா, இதுல ‘காத்திருப்பு’ன்னு ஒரு வரி இருக்கே, அதயாச்சும் கொறைங்க.”

“அந்த வரிக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்கள்” என்றேன். கால் மணிக்கு ஒரு தரம் குறித்திருந்த இதயத்துடிப்புகளை விரலால் காட்டினேன். அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கீழே வந்தபோது, “இது என்னங்க, ‘பக்கத்து அறைப் பையன், காய்ச்சல், கேட்கவில்லை’?” என்றார். காத்திருந்த நேரத்தில் ஒரு பையனுக்கு மருந்து கொடுத்தேன், அதற்குக் காசு வேண்டாம் என்றேன். “வேணாம்னா எதுக்குங்க எழுதுறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சும்மா கொடுத்ததும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். எழுதாமல் விட்டால் அது தர்மமா மறதியா என்று ஒரு மாதம் கழித்து எனக்கே தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டார். பயண நேரத்துக்குப் பாதிக்கூலி, காத்திருப்புக்கும் வேலைக்கும் முழுக்கூலி என்பது போன வருடமே அந்தத் தோட்டத்தோடு பேசி எழுதிக்கொண்டது. அது இல்லாவிட்டால் வெந்நீர்ப் பானை மட்டும் என்னைக் காப்பாற்றியிருக்காது.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பிரித்துச் சொல்கிறேன், கேள். ஒரு வேலைக்கு ஒரு தாள். இரண்டு தோட்டத்தை ஒரே தாளில் எழுதாதே. வேலை நடந்த இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் எழுதிவிடு. வீட்டுக்கு வந்து எழுதுவேன் என்பவன் எழுதமாட்டான், எழுதினாலும் தனக்குச் சாதகமாகவோ, வெட்கப்பட்டுக்கொண்டு மற்றவனுக்குச் சாதகமாகவோ எழுதுவான். நீ இரண்டாவது வகை. தவுக்கே நல்லவர் என்று அந்த இரண்டு நாள் காத்திருப்பை நீயாகவே விழுங்கிவிட்டாய். அவர் உன்னைக் குறைக்கச் சொல்லவேயில்லை. சாமானின் விலையை உன் கூலியோடு சேர்க்காமல் தனி வரியில் எழுது. கடைச்சீட்டுகளை உன் அப்பா ஆபீசில் செய்ததுபோல் ஒரு கம்பியில் குத்தி வை. எஞ்சின் அடியில் படுப்பவனின் சட்டைப்பையில் எந்தச் சீட்டும் பிழைக்காது. ஓடும் மைலுக்கு இவ்வளவு சதம் என்று டயருக்காக எடுத்து வை. டயர் வெடிக்கும் அன்றைக்குத் திடீரென்று ஏழையாக வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலையில் ஒரு அரை மணி உட்கார்ந்து தாள்களைக் கூட்டு. ஒரு வாரக் குப்பையை ஒருவன் தாங்குவான். ஆறு மாதக் குப்பையை அவனுடைய அம்மாதான் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கிறது.

கூலியை நிர்ணயிக்கும்போது பக்கத்துப் பட்டறைக்காரன் என்ன கேட்கிறான் என்று மட்டும் பார்க்காதே. வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், கருவிக்கும் வண்டிக்கும் எவ்வளவு, வேலை இல்லாத மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கூட்டு. அதை நீ உழைக்கும் எல்லா மணிகளாலும் வகுக்காதே. காசு கேட்கக்கூடிய மணிகளால் மட்டும் வகு. என் கணக்கில் அது பாதிக்குச் சற்று மேல். ஆகவே கேட்கும் ஒரு மணி, கேட்க முடியாத இன்னொரு மணியையும் தூக்கிக்கொண்டு நடக்கிறது. இந்தக் கணக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை. ரப்பர் விலை விழுந்தால் தோட்டக்காரர்கள் முதலில் எஞ்சினைத்தான் பட்டினி போடுவார்கள். எந்தத் தாளும் அதை முன்கூட்டிச் சொல்லாது. மனிதன் தாளிடமும் பொய் சொல்வான். ஆனால் நினைவிடம் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சொல்கிறான். நான் இதற்கு மேல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. உன்னைப்போல் சம்பளத்தை விட்டு வந்த நண்பர்கள் இரண்டு மூன்று பேர் அந்தக் கரையில் இருப்பதாகச் சொன்னாய். இதுவரை எழுதியதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு, வெட்கப்படாதே. இனி வருவதை மட்டும் நீ தனியே படி.

இன்று திங்கள். பஸ் மத்தியானம் போகிறது. காலையில் நான் நோயாளரைப் பார்க்க உட்காருவதற்கு முன்னரே அவள் வந்தாள். அத்தை வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் கொண்டு வந்ததாகச் சொன்னாள். விடிந்தும் விடியாத நேரத்தில் யாரும் கத்தரிக்காய்ப் பொரியல் கொடுத்தனுப்பமாட்டார்கள். கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது என் தொழில் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

“மாமி, அண்டைக்கு அப்பா கேட்டது உள்ளுக்கை எனக்குக் கேட்டது. நீங்கள் சொன்னதும் கேட்டது.”

“கேக்கட்டும் எண்டுதான் சத்தமாச் சொன்னனான்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நல்லதாக இருக்கிறது, உடனே நிற்காமல் கொஞ்ச நேரம் முகத்தில் தங்குகிறது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “அவர் மாசத்திலை எத்தினை நாள் வீட்டிலை நிப்பார்?”

இந்தக் கேள்வியை உன் மாமனாரும் கேட்கவில்லை, கல்யாணம் பேசியவர்களும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தம்பி. சனிக்கிழமை மேசை நிறைய உன் சீட்டுகளைப் பரப்பி வெள்ளியைத் தேடிய நான், தேதியில்லாத அந்தத் தாள்களில் நீ எங்கே தூங்கினாய் என்று தேடவில்லை.

“தெரியாது பிள்ளை” என்றேன்.

“உங்களை என்ன கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுறியள், மாமி.”

“தெரியாட்டி வேறை என்ன சொல்லுறது?”

“எங்கட வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் சொல்லுறேல்லை.” கதவு நிலையை விட்டு என் பக்கம் திரும்பினாள். “முந்நூறு எண்டதும் அப்பா பள்ளிக்கூடத்தை விடச் சொல்லிப்போட்டார். இவ்வளவு உழைக்கிற மாப்பிள்ளையின்ரை பெண்சாதி ஏன் போய்ப் பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கவேணும் எண்டு கேக்கிறார். தலைமையாசிரியை மாச முடிவுக்குள்ளை நிக்கிறனோ விடுறனோ எண்டு பதில் கேட்டவ. ஒருக்கா விட்டால் திரும்ப எடுக்கமாட்டினம்.”

“உனக்கு விட விருப்பமோ?”

“இல்லை.” அதை மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் தாமதிக்காமல் சொன்னாள். “குறைவெண்டால் எனக்குப் பயமில்லை, மாமி. அவர் பாதி மாசம் வெளியிலை எண்டாலும் பயமில்லை. நான் அங்கை பள்ளிக்கூடத்திலை நிப்பன். எவ்வளவு எண்டு தெரிஞ்சால் காணும். முந்நூறு எண்டு சொல்லி என்னை வீட்டிலை இருத்திப்போட்டு, பிறகு அது இல்லையெண்டால், அப்ப நான் ஆரைக் கேக்கிறது?”

இதை உனக்கு எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொரியலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு இரண்டு நோயாளரைப் பார்த்தேன். இரண்டாவது ஆளிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

நீ கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த எண்ணைச் சொன்னாய். எழுபது என்று கேட்டால் உன் மாமனார் எழுந்து போய்விடலாம். அப்படிப் போகமாட்டார் என்று நான் உனக்குத் தைரியம் சொல்ல முடியாது. எனக்கு அவரை அவ்வளவு தெரியாது. ஆனால் அவர் எழுந்து போவதும் போகாததும் அவருடைய காரியம். நீ சொன்ன முந்நூறு இப்போது கோலா குபுவில் ஒரு பெண்ணிடம் வேலையை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்துவது உன் காரியம்.

ஆகவே புதன்கிழமைக்குள் கையிலிருக்கும் வேலையை முடித்துக்கொள், முடியாவிட்டால் பாதியில் விட்டுவிட்டு வா. டிரங்குப் பெட்டிச் சீட்டுகளை மாத வாரியாக உன் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். புதன் மாலை நீயும் நானும் உட்கார்ந்து தேதியில்லாதவற்றுக்குத் தேதி போடுவோம். எத்தனை நாள் எங்கே நின்றாய் என்பதையும் சேர்த்துப் போடுவோம். வருவது எவ்வளவு சிறிய எண்ணாக இருந்தாலும் அதை அழகுபடுத்தாதே.

வியாழக்கிழமை அவர் பத்து மணிக்குத்தான் வருவார். அத்தை வீட்டிலிருந்து ஒன்பது மணிக்கே அவள் இங்கே வரலாம் என்று இப்போது ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டேன். நான் முன்னறையில் நோயாளரோடு இருப்பேன், நடுக்கதவு திறந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள், வரும்படி எவ்வளவு, வீட்டில் எத்தனை நாள் என்று அவளிடம் சொல்லிவிடு. அவருக்கு அவளே சொல்லட்டும், அல்லது இருவரும் சேர்ந்து சொல்லுங்கள்.

அம்மா